திரைக்கு வெளியே ஒரு பொத்தான்

வவுனியா விதைநெல் சங்கத்துக்குக் கணினி நிரல் எழுதிய சுதாகரன் கனடாவுக்குப் போய்விட்டான். இப்போது அதோடு மாரடிப்பது குகதாசன். சங்கத்தின் சின்னத் திரையில் ‘சேமி’ பொத்தான் விளிம்புக்கு வெளியே விழுந்து கிடந்தது. ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று குலைந்தது. கடைசியில் பழைய பொத்தானை எடுத்துவிட்டு, கண்ணில் படுகிற இடத்தில் புதியதை வைத்தான்.

அன்று மாலை லொறி புறப்படுமுன் பெயர் பதிந்தவர்களுக்கு மட்டுமே விதைநெல். சங்கத்து எழுத்தர் நாகேஸ்வரி காலையிலிருந்தே விவசாயிகளின் பெயர்களைக் கணினியில் பதிந்துகொண்டிருந்தாள்.

மதியம் குகதாசனைக் கூப்பிட்டாள். “தம்பி, ஒரு பேரையும் காணேல்லை.”

“எப்பிடிச் சேமிச்சனீங்கள், அக்கா?”

“எப்பவும் போலத்தான். பேரை அடிச்சிட்டு ராப் விசையைத் தட்டி, பிறகு என்ரர் விசை.”

“மேலை பொத்தான் வைச்சனான், பாக்கேல்லையோ?”

“பொத்தான் எண்டு ஒண்டு இருக்கெண்டு எனக்கு ஆர் சொன்னது?”

ராப் முன்பு போய் நின்றது திரைக்கு வெளியே கிடந்த பழைய ‘சேமி’யில்; அதை எடுத்ததும் அடுத்திருந்த ‘அழி’யில் போய் நின்றது. அடித்த பெயர்களையெல்லாம் அவளே அழித்திருந்தாள்.

“சுதாகரன் தம்பியின்ரை காலத்திலை இப்பிடி வரேல்லை,” என்றாள்.

குகதாசன் பல்லைக் கடித்துக்கொண்டு பழைய பொத்தானைத் திரைக்கு வெளியே, கிடந்த இடத்திலேயே போட்டான்.

“பழையபடி திரும்ப அடியுங்கோ அக்கா. லொறியை நான் மறிக்கிறன்.”