கொஞ்சம் மங்குது

…கோளாறு பேட்டரியில் இல்லை, அதை மாற்றியாயிற்று, சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலும் இல்லை, அதையும் மாற்றியாயிற்று, இனி மாற்ற பாக்கியிருப்பது நீங்க ஒருத்தர்தான் என்று இவள் சொல்வாள், ஆனால் சொல்லமாட்டாள், நேற்றிலிருந்து பேச்சுவார்த்தையே இல்லை… அவள் அக்கா வீட்டு விருந்து முடிந்து கிளம்பும்போது கார் செத்துப்போய், சகலை உட்பட மொத்தக் குடும்பமும் நல்ல உடுப்போடு நடுத்தெருவில் தள்ளினால் எந்தப் பெண்டாட்டி பேசுவாள்? அதிலும் நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் வேகமா" என்று வேறு கத்தினேன், வாய் சும்மா இருக்கிறதா… காலையில் தீர்ப்பு மட்டும் வந்தது. பாட்டு அதிரும்போது ஹெட்லைட் மங்கவே கூடாது, இருட்டுவதற்குள் சரியாகவில்லையென்றால் டிக்கியில் நான் மாட்டிய ஆம்ப்ளிஃபையரும் பாஸ் ஸ்பீக்கர் பெட்டியும் அவள் தம்பிக்கு. அந்தப் பயலுக்கு முதல் நாளிலிருந்தே அதன்மேல் ஒரு கண். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, மங்குகிறதா என்று பார்க்க வேண்டியவளும் இவள்தான், டிக்கிக்குள் தலையை விட்டிருக்கிற எனக்கு எதிர்ச்சுவர் வெளிச்சம் எங்கே தெரியும்? எதிர்க்கட்சியே நீதிபதி, ரொம்ப நல்ல நியாயம்.

"சத்தத்தை ஏத்தும்மா." கார் அதிர்ந்தது. "மங்குதா?" "சாகுது." ஒரே சொல், அதையும் என்னிடம் சொன்னாளா, சுவரிடம் சொன்னாளா… பெரிய பேட்டரி முன்னால் கொள்ளாமல் டிக்கிக்குக் கொண்டுவந்தவன் நான்தான், அதன் எர்த் ஒயர் காரின் உடம்பைத் தொடுகிற இடத்தில் மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும், இதுவோ பாட்டின் அடிக்கு அடி இரண்டு வோல்ட்டுக்குத் துள்ளுகிறது… என்ஜினை நிறுத்தச் சொல்லி போல்ட்டைக் கழற்றினேன், அடியில் பெயின்ட் பளபளவென்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. அடப்பாவி! கீறல் விழுந்துவிடக்கூடாதென்று, துணியால் துடைத்து, பெயின்ட்டின் மேலேயே முறுக்கிய மடையன் எவன்? நானேதான். பெயின்ட் வழியாக மின்சாரம் எப்படிப் போகும்? பேட்டரிக் கடைக்காரரை என்னவெல்லாம் திட்டினேன்…

தகரம் வெளுக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கினேன். "ஸ்டார்ட் பண்ணு. ஏத்து. இன்னும் ஏத்து." மீட்டர் அசையவில்லை. எனக்குத்தான் குதிக்க வேண்டும் போலிருந்தது. "மங்குதா?" முன்சீட் கிறீச்சிட்டது. பிறகு, "கொஞ்சம் மங்குது."

மங்க வழியே இல்லையே… பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன், சுவரில் வெளிச்சம் துளிகூட அசையவில்லை. பொய், சுத்தப் பொய், தம்பிக்காக இப்படியா வாய்கூசாமல்… சீட்டில் கிடந்த போன் மினுக்கியது, தம்பியின் முகம், இதோ எடுப்பாள், வந்து தூக்கிட்டுப் போடா என்பாள்… எடுக்கவில்லை. கவிழ்த்து வைத்தாள். அவள் விரல் ஸ்டியரிங்கில் தாளம் போடுகிறது, இது எப்போதிலிருந்து? "என்னங்க, வேற பாட்டு போட்டுப் பாக்கட்டுமா?" முழுசாக ஒரு வாக்கியம், அதுவும் என்னிடம்! சரியாயிடுச்சு என்று சொல்ல வாயெடுத்தேன்… சொன்னால் இறங்கி உள்ளே போய்விடுவாளோ? இவள் யார் பக்கம்? அதற்கு ஒரு மீட்டர் என்னிடம் இல்லையே. குனிந்து, இறுக்கிய போல்ட்டையே மறுபடியும் இறுக்கினேன்.

"போடும்மா," என்றேன். "நல்லா ஏத்து."