பந்தி முடியட்டும்

ரசம் வாளியோடு திரும்பிய சண்முகப்ரியாவை மறித்து நின்றார் கம்பவுண்டர் தேவநாதன். எதிர் கிளினிக்கில் வேலை. மத்தியானச் சாப்பாடு தினமும் இந்த மெஸ்ஸில்தான். கை கழுவிவிட்டுக் கல்லாப் பக்கம் போன மனுஷன், பேயறைந்த மாதிரி திரும்பி வந்திருந்தார்.

"பாப்பா, கத்தாத. வாளியக் கீழ வை."

அவள் வைக்கவில்லை. அவர் பார்வை போன இடத்துக்கு அவள் பார்வையும் போனது. கல்லாவில் அப்பா பச்சமுத்து சுவரில் தலை சாய்த்துக் கண்மூடி உட்கார்ந்திருந்தார். மேசைமேல் காலி கோலி சோடா பாட்டில். காலையில் நெஞ்சில் வாயு பிடித்துக்கொண்டது என்றார். அவள்தான் சோடா உடைத்துக் கொடுத்தாள். ஏப்பம் வந்ததும் 'சரியாப் போச்சு' என்று சிரித்தார்.

"தூங்குறாருன்னு தட்டிப் பாத்தேன். கை சில்லுன்னு கெடக்குது. நாடி பாத்துட்டேன், கழுத்துலயும் பாத்துட்டேன். டாக்டரு வெளிய போயிருக்காரு, போன் போட்டிருக்கேன், வராரு. ஆனா முடிஞ்சிடுச்சும்மா."

காதில் விழுந்தது. உள்ளே இறங்கவில்லை. ஜன்னலோர மேசையிலிருந்து யாரோ ரசம் கேட்டார்கள். அவள் கால்கள் தாமாக நடந்தன. ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினாள்.

கேட்டவன் பாரி. கருவேப்பிலங்குறிச்சிக்காரன். செராமிக் கம்பெனியில் வேலை பார்த்த வருஷமெல்லாம், காலில் வெள்ளை மண் ஒட்டியபடி வந்து இதே ஜன்னலோரம் சாப்பிட்டவன். இன்றைக்குக் குவைத்துக்குப் புறப்படுகிறான். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஜங்ஷனில் சென்னை ரயிலைப் பிடிக்க வேண்டும். கூடவே அம்மா ஆராயி, பொண்டாட்டி அன்பரசி. பாஸ்போர்ட் வைத்த பிளாஸ்டிக் கவரை மடியிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டான். பயணம் போகிறவன் பாயசம் சாப்பிடாமல் படி இறங்கக் கூடாது என்று, மெனுவில் இல்லாத பாயசத்தை அப்பா காலையிலேயே சொல்லிச் செய்யவைத்திருந்தார்.

கடையில் வேறு யாரும் இல்லை. மிச்சம் அந்த ஒரு பந்திதான்.

அவள் திரும்பி வந்ததும் தேவநாதன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சீக்கிரம் சொல்லிவிடு, அவர்கள் எழுந்து போகட்டும், அம்மாவைக் கூப்பிடு என்று அவசரப்படுத்தினார்.

"பந்தி முடியட்டும் சார்."

"என்ன பேசுற நீ? அங்க ஒக்காந்திருக்கறது ஒங்க அப்பா."

"அவங்க எலையில சோறு இருக்குது சார்."

தேவநாதனுக்கும் தெரியும். பச்சமுத்துவின் தாயார் செத்த செய்தி வந்த அன்று கடையில் கூட்டம் நெரிந்தது. அவர் டெலிபோனை வைத்துவிட்டு, எல்லா இலைக்கும் போய், "போதுங்களா, வேற எதுனா வேணுங்களா?" என்று எப்போதும்போலக் கேட்டு முடித்தார். கடைசி ஆள் கை கழுவிய பிறகுதான் துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டார். இலையில் உட்கார்ந்தவரைப் பாதியில் எழுப்புகிற பாவத்துக்கு அவர் கணக்கில் பரிகாரமே கிடையாது. அதிலும் இது கடல் தாண்டிப் போகிறவன் இலை.

தேவநாதன் வெளியே போனார். 'சாப்பாடு தயார்' பலகையைத் திருப்பி வைத்துவிட்டு வாசலிலேயே காவல் நின்றார்.

"இன்னும் எத்தினி எலைடி?" அடுப்படியிலிருந்து அம்மா தங்கம்மாளின் குரல். அப்பளம் பொரியும் சத்தம்.

"ஒரு பந்திதாம்மா. நீ வெளிய வராத, நான் பாத்துக்கறேன்."

மோர் ஊற்றினாள். ஊறுகாய் வைத்தாள். அப்பாவின் உதட்டோரம் ஒரு ஈ உட்கார்ந்தது. மேசை துடைக்கிற சாக்கில் போய், துணியால் விரட்டினாள். மறுபடி வந்தது. மறுபடி விரட்டினாள். நிமிர்ந்தபோது ஆராயி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தது கல்லாவைப் பார்த்த இருக்கை.

போச்சு, இப்போது கேட்கப் போகிறாள்.

ஆராயி கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தாள்.

பாயசம் வந்தது. பாரி முன்பொரு தீபாவளிக்குத் தன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பீங்கான் கிண்ணங்களில்தான். அவன் கிண்ணத்தை வழித்துக் குடித்தான். "என்ன, ஐயா இன்னிக்கு நம்ம எலைப் பக்கமே வரல? போதுமா வேணுமான்னு கேக்காம எனக்குச் சோறு எறங்காதே."

"அசந்துட்டாரு அண்ணா." காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். "போதுங்களா? வேற எதுனா வேணுங்களா?"

"வவுறு நெறஞ்சி போச்சு தங்கச்சி."

கை கழுவிவிட்டு அவன் நேராகக் கல்லாவுக்குப் போனான். ப்ரியா குறுக்கே ஓடுவதற்குள் குனிந்து அப்பாவின் கையைத் தொடப் போனான். சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்தது ஆராயியின் ஈரக் கை.

"தூங்குறவங்கள எழுப்பாத. வண்டிக்கு நேரமாவுது, நட."

அவன் கைகூப்பினான். பிறகு, தூக்கம் கலையாத அளவுக்கு மெல்ல, "போயிட்டு வரேன் ஐயா" என்றான்.

சாவு வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. வாசலில் தேவநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போயிட்டு வாங்க அண்ணா" என்று அப்பாவுக்குப் பதிலாக ப்ரியா சொன்னாள்.

ஆட்டோ கிளம்பியது. பந்தி முடிந்தது. இனி அவள் கத்தலாம். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில் இலை எடுக்கப் போனாள்.

பாரியின் இலை அவன் பக்கமாக மடிந்திருந்தது, மறுபடியும் வருவேன் என்கிற மடிப்பு. அன்பரசியின் இலையும் அப்படித்தான். மூன்றாவது இலையில் அவள் கை நின்றது. அது எதிர்ப்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது, கருமாதிச் சோற்றில் மடிப்பதுபோல. பக்கத்தில் பாயசக் கிண்ணம், ஏடு படிந்து, தொடாமல்.

வாசலில் நிழல் விழுந்தது. திரும்பினாள். ஆராயி தனியாக நின்றிருந்தாள். தெருமுனையில் ஆட்டோ சின்னதாகிக்கொண்டிருந்தது.

"முட்டி வலிக்குதுன்னு எறங்கிட்டேன்" என்றாள். "அன்பரசி வண்டி ஏத்திவுட்டுட்டு வந்துடுவா." ஒருமுறை தெருவைத் திரும்பிப் பார்த்தாள். "ஒங்க அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

ப்ரியா தலையை ஆட்டினாள், இல்லையென்று.

ஆராயி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லாவுக்குள் போனாள். மேலே தொங்கிய பார்சல் நூல்கண்டிலிருந்து ஒரு முழம் இழுத்தாள். கீழே உட்கார்ந்து, பச்சமுத்துவின் கால்களைச் செருப்பிலிருந்து விடுவித்து, கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துவைத்து நூலைச் சுற்றினாள்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "இன்னும் எத்தினி எலைடி?"

ஆராயி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.