பூட்டாத வீடு

வெந்நீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சம்சாத் பேகம் முற்றத்துக்கு வந்தபோது, குளிப்பாட்டுவதற்காகக் கட்டியிருந்த மறைப்புத் துணிக்கு முன்னால் அவள் மகன் நூர்முகமது வழியை மறித்து நின்றான்.

"கொடத்தக் கீழ வைம்மா. குளிப்பாட்ட ஆளுங்க வந்துட்டாங்க. நீ உள்ள போயி பொம்பளைங்களோட குந்து."

"ஆளு எதுக்கு? நான் கீறேன்."

"அத்தாவ நீ குளிப்பாட்டினா ஊரு இன்னா பேசும்?"

"இத்தினி வருசமா யார்ரா குளிப்பாட்டினது? அப்ப எந்த ஊரு வந்து தண்ணி மொண்டு குடுத்துது?"

கூடத்திலிருந்து பள்ளிவாசல் அஜ்ரத்து தொண்டையைச் செருமினார். "பொஞ்சாதி குளிப்பாட்டலாம் தம்பி. மார்க்கத்துல தடை இல்ல. வழிவுடு."

நூர்முகமது நகர்ந்தான்.

பலகையின் மேல் அவள் கணவர் ஜெயினுலாபுதீன் உயிர் பிரிந்து சிறுத்துப் போய்க் கிடந்தார். செங்கல்பட்டு கடைத்தெருவில் மணிலாக்கொட்டை மண்டி வைத்து, மூட்டையை ஒற்றைக் கையால் புரட்டிய உடம்பு அது. சம்சாத் பேகம் குவளையில் நீரை எடுத்தாள். "கையத் தூக்கறேன்," என்றாள். "இப்ப தோள்ல ஊத்தறேன். சூடா இல்ல, பயப்படாதீங்க." முன்கூட்டிச் சொல்லாமல் தொட்டால் அவர் மிரண்டுவிடுவார். அந்தப் பழக்கம் நாக்கில் தங்கியிருந்தது. உதவிக்கு நின்ற கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவசரப்படுத்தவில்லை.

ஆந்திரா தனியாகப் பிரிந்த வருஷம்தான் அவருக்கு முதன்முதலாக மண்டிக்குப் போகும் வழி தப்பியது. பிறகு ஆட்களின் அடையாளம் தப்பியது. பெற்ற மகனை, "யாரு தம்பி, எந்தூரு?" என்று கேட்டார். மனைவியை அக்கா என்றார். சாயங்காலமானால் செருப்பைத் தேடுவார். "வூட்டுக்குப் போவணும்." அவர் சொன்ன வீடு சதுரங்கப்பட்டினத்தில் கடலோரத்தில் இருந்தது, அவர் அத்தா காலத்தோடேயே இடிந்து போன வீடு.

மகன் மதராஸிலிருந்து வந்து, பின்கட்டு அறைக்கு வெளியே கொண்டி அடித்துப் பெரிய பூட்டாகப் பூட்டினான். மண்டியின் பெயர் கெடக்கூடாது என்றான். அப்போது சம்சாத் பேகம் தங்கையின் பிரசவத்துக்காகச் செய்யூர் போயிருந்தாள். திரும்பி வந்து கதவைத் திறந்தால், அவருடைய விரல் நுனிகளில் இரத்தம் காய்ந்திருந்தது. கதவின் உட்புறம் முழுக்கப் பிராண்டிய கோடுகள்.

அன்றைக்கே பூட்டைக் கிணற்றில் போட்டாள். மறுநாள் காலையில், திரை கட்டிய வண்டியில் தவிர வீதியில் இறங்கியறியாதவள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். டீக்கடை, பூக்கடை, பஸ் நிற்கிற புளியமரத்தடி, ஓரிடம் விடவில்லை. எல்லா இடத்திலும் ஒரே பேச்சு.

"எங்க வூட்டுக்காரருக்கு நெனப்பு தப்பிப்போச்சு. வெளிய வருவாரு. பார்த்தீங்கன்னா கையப் புடிச்சிக் கூட்டினு வாங்க. சிரிக்காதீங்க."

முதலில் சிரித்தார்கள்தான். பிறகு கூட்டி வந்தார்கள். மாமல்லபுரம் பஸ்ஸின் கண்டக்டர் சின்னையன் ஒருபடி மேலே போனான். அவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, கடற்கரை வரை கொண்டுபோய்க் காட்டி, திரும்பும் பஸ்ஸிலேயே இறக்கிவிடுவான். அன்றிரவு அவர் முணுமுணுக்காமல் தூங்குவார்.

போன வாரம் சின்னையன் லீவு. வேறு பஸ்ஸில் ஏறிய ஜெயினுலாபுதீன் திருக்கழுக்குன்றத்தில் இறங்கி, ஐப்பசி மழையில் நடந்திருக்கிறார். யாரோ மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். நெஞ்சில் சளி கட்டியது. டாக்டரின் ஊசிக்கும் கேட்கவில்லை.

கபன் துணி சுற்றி முடித்து அவள் வெளியே வந்தபோது, நூர்முகமது கிணற்றடியில் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றிருந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"பூட்டி வெச்சிருந்தா இன்னிக்கி உசுரோட இருந்திருப்பாரும்மா," என்றான்.



"இருந்திருப்பாரு," என்றாள் சம்சாத் பேகம். "கதவப் பிராண்டிக்கினு இருந்திருப்பாரு. மழையில நனைஞ்சிதான் செத்தாரு, இல்லேன்னு சொல்லல. நாளைக்கே எழுந்து வந்து செருப்பு எங்கன்னு கேட்டாருன்னு வையி, எடுத்துக் குடுத்துட்டுக் கதவத் தொறந்துதான் வுடுவேன்."

அவள் ஈரக் கையால் அவன் தலையை ஒருமுறை தடவிவிட்டு உள்ளே போனாள்.

உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கும் நேரத்தில் வாசலில் சலசலப்பு. காக்கிச் சட்டையோடு, பையைக்கூடக் கழற்றாமல் சின்னையன் வந்து நின்றான். "ஒரு தோளு குடுக்கறேன் அண்ணாத்த," என்று கேட்டான். உறவுக்காரர் ஒருவர் அவனைத் தள்ளி நிற்கச் சொன்னார். திரைக்குப் பின்னாலிருந்து சம்சாத் பேகத்தின் குரல் தெருவுக்கே கேட்டது.

"நூரு! அவனுக்கு எடம் வுடு."

நூர்முகமது தன் இடத்தைவிட்டு விலகி, சின்னையனை முன்னால் நிறுத்தினான். பிறகு அவனுக்குப் பின்னால் தோள் கொடுத்தான்.

ஆண்கள் போனதும் வீடு பெண்களால் நிறைந்தது. நூர்முகமதின் மாமியார் ஜெய்புன்னிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அல்லா ஒனக்கு விடுதலை குடுத்துட்டான் சம்பந்தி," என்றாள்.

"எனக்கு யாரும் வெலங்கு போட்டிருக்கல," என்று கையை விடுவித்துக்கொண்டாள் சம்சாத் பேகம்.

கொல்லைக் கதவருகே பூக்கட்டும் சந்திரம்மா வெகுநேரமாக நின்றிருந்தாள். கூப்பிட்டதும் தயங்கித் தயங்கி வந்தாள்.

"இப்பக் கேக்கக் கூடாதுக்கா..."

"சொல்லு."

"எங்க நைனா காலைல என்னப் பார்த்து, யாரும்மா நீன்னாரு. நேத்து அடுப்புல கொள்ளிய எடுத்துக்கினு தெருவுல நடந்தாரு. எங்க அண்ணன் சங்கிலி வாங்கியாறேன்னு கெளம்பிட்டான்க்கா."

"மவுத்து வூட்ல இன்னா பேச்சு இது?" என்று அதட்டினாள் ஜெய்புன்னிசா.

"இந்த வூட்லதான் கேக்கணும்," என்றாள் சம்சாத் பேகம். பாயில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். "வா, குந்து. உங்க அண்ணன் எப்பத் திரும்பி வருவான், அத்த மொதல்ல சொல்லு."

சந்திரம்மா சேறு படிந்த பாதங்களைப் புடவை நுனியால் துடைத்துவிட்டு, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.