கோணக்கால் நாய்

கோம்பை பஸ் ஸ்டாப்புச் சுவரில் இருந்த நாயின் மேல் வெள்ளையடிக்கும்போது ஆல்பர்ட்டுக்கு வயிறு எரிந்தது. ஒரு படத்தை அழிக்கிறோமே என்ற வருத்தத்தில் எரியவில்லை. அப்படி எரிந்திருந்தால் அவனைப் பற்றிக் கொஞ்சம் மரியாதையாகவே சொல்லிவிடலாம். இவ்வளவு மோசமாக வரைந்த நாயை ஊரே நின்று பார்க்கிறதே என்றுதான் எரிந்தது.

பள்ளத்தாக்கு வாரியம் என்று ஒன்று வந்து, மலையடிவாரத்தை வேலிபோட்டு அடைத்து, சொந்தத் தோட்டத்துக்குப் போகவே அட்டை கேட்க ஆரம்பித்த பிறகு, ஊரில் வாயைத் திறந்தவை நாய்கள் மட்டும்தான். கோம்பை நாய் செவலை நிறம், கறுத்த மூஞ்சி. தெரியாத ஆளை வாசலில் கால் வைக்க விடாது. அளவெடுக்க வந்த வாரியத்து ஆட்களில் ஒருவருடைய பேண்ட்டும் முழுசாகத் திரும்பிப் போகவில்லை. அடுத்த வாரமே லாரிகள் வந்தன. பராமரிப்புக்கு என்று சொல்லி, தேடித் தேடி அத்தனை நாய்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அதன்பின் நாய் வளர்ப்பதும் குற்றம், நாய்ப் படம் வைப்பதும் குற்றம். பிடிபட்டால் முகாம். முகாமுக்குப் போன யாரும் இதுவரை திரும்பி வரவில்லை.

அப்புறம்தான் சுவர்களில் அந்த நாய் வர ஆரம்பித்தது. கறுப்புப் பெயின்டில் ஒரே கோடு. வெள்ளையடித்து அழித்தால் இரண்டு நாளில் அதே இடத்தில் மறுபடி வந்துவிடும். முதலில் கோம்பையில், பிறகு சின்னமனூரில், வீரபாண்டியில் கோயிலுக்குப் போகிற ரோட்டில். இதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

ஆல்பர்ட் பெயின்டர். கடை போர்டு, கட்சிச் சுவர், சர்ச் பீடம் எல்லாம் அவன் கை. சுவரை வெள்ளையடித்து அழிக்கிற வேலையை வாரியம் அவனுக்குத்தான் கொடுத்திருந்தது. அந்த நாயை அவனைப் போல நெருங்கிப் பார்த்தவர்கள் கிடையாது. கழுத்து நீளம். காது ஒன்று பெரியது, ஒன்று சிறியது. பின்னங்காலைப் பற்றிப் பேசவே வேண்டாம்; முழங்காலுக்குக் கீழே கோணிக்கொண்டு போகும். எந்த நாய்க்கு அப்படிக் கால் இருக்கிறது?

அந்தக் காலைத்தான் டீக்கடை ராக்கையா தினமும் காலையில் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் நாயையும் லாரியில் ஏற்றியிருந்தார்கள். மொக்கம்மாள் என்ற பால்காரக் கிழவி, அந்தச் சுவரைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள். ஆல்பர்ட்டின் சொந்த மனைவி சகாயராணியே ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

“அத அழிக்கையில மூஞ்சிய மட்டுமாச்சும் விட்டுட்டு அழிங்களேன். பாக்கப் பாவமா இருக்குல்ல.”

“சர்ச்சுல றெக்கை விரிச்சாப்புல மிக்கேல் சம்மனசு வரைஞ்சிருக்கேனே, அதப் பாத்து ஒரு நாளாச்சும் எதுவும் சொல்லிருக்கியா?”

“அது நல்லாத்தேன் இருக்கு,” என்றாள் அவள். சொல்லிவிட்டுக் குழம்பு எடுக்கப் போய்விட்டாள். அந்த ‘நல்லாத்தேன்’ அவனுக்கு இரண்டு நாள் தொண்டையில் நின்றது.

வரைவது யார் என்று அவனுக்குத் தெரியும். முதல் நாயைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. அவன் கடைக்கு அடுத்த கடை ஜோதிலட்சுமி தையலகம். ஜோதிலட்சுமி ஜாக்கெட் வெட்டும்போது, துணியை விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சாக்குக் கட்டியால் தோளிலிருந்து அக்குள் வரை ஒரே இழுப்பாக இழுப்பாள். கையை எடுக்க மாட்டாள். இழுத்த கோட்டின் மேல் இன்னொரு கோடு போட மாட்டாள். அந்த வளைவுதான் நாயின் முதுகு. போதாததற்கு, மீந்துபோன கறுப்புப் பெயின்டை அவனிடமே வந்து கேட்டு வாங்கினாள். “செவுத்துல எண்ணெய்க்கறை அப்பிக் கெடக்குண்ணே, மறைக்கணும்,” என்றாள். டப்பாவைக் கொடுத்தவன் இவன்தான். அதையும் நினைத்து நினைத்துப் பொருமினான்.

தையல்காரி. ஒரு நாள் யாரிடமும் பிரஷ் பிடித்து உட்கார்ந்து கற்றதில்லை. அவள் கோட்டைப் பார்த்து ஊரே செருப்பைக் கழற்றுகிறது.

ஒரு விடியற்காலையில் அவனுக்குப் பொறுக்கவில்லை. வெள்ளையடிக்கப் போகிற சாக்கில் பெயின்ட் டப்பாக்களை வண்டியில் வைத்துக்கொண்டு, உத்தமபாளையம் ரோட்டில் மூடிக்கிடக்கிற திராட்சைக் குடோனுக்குப் போனான். நாய் என்றால் என்னவென்று இவர்களுக்குக் காட்டுகிறேன் பார் என்று ஆரம்பித்தான். செவலை நிறம் அச்சு அசலாக வந்தது. மூஞ்சியில் கறுப்பு, கண்ணில் ஒரு சொட்டு வெளிச்சம், நான்கு காலும் நான்கு தூண். முடித்துவிட்டு நாலடி பின்னால் வந்து பார்த்தான். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. பிறகு குனிந்து, வலது மூலையில், எந்த வேலையை முடித்தாலும் எழுதுவதைப் போல, ‘ஆல்பர்ட் ஆர்ட்ஸ், கோம்பை’ என்று எழுதி, கீழே செல் நம்பரையும் எழுதினான்.

பழக்கதோஷம், கை தானாக எழுதிவிட்டது என்று அவன் சொல்வான். பாதியை நம்பலாம்.

எட்டு மணிக்கு அங்கே கூட்டம். ஒன்றும் தெரியாதவன் போல அவனும் போய் ஓரமாக நின்றுகொண்டான். ராக்கையா கண்ணுக்கு மேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“ஏலே, நாய் லச்சணமாத்தேன் இருக்கு,” என்றார் கடைசியில். “பிஸ்கட் டப்பாவுல ஒட்டலாம்.”

“வாரியத்துக்காரவுகளே வரைஞ்சிட்டாகளோ என்னமோ,” என்றாள் மொக்கம்மாள். “நம்ம நாயி எங்கன இப்பிடிச் சாதுவா நிக்கும்?” செருப்பைக் கழற்றாமலே நடந்துபோனாள்.

ஆல்பர்ட்டுக்குக் காது சூடேறியது. கூட்டத்தில் ஜோதிலட்சுமியும் நின்றிருந்தாள். அவள் படத்தைப் பார்க்கவில்லை, மூலையில் இருந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து மெதுவாக, “பேர அழிச்சிருண்ணே, இப்பவே,” என்றாள். தன் பெயரைப் பார்த்து இவளுக்குப் பொறாமை என்று அவன் நினைத்துக்கொண்டான். எத்தனை சந்தோஷமாக இருந்தது தெரியுமா, அந்த ஒரு நிமிஷம். அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

தேனியில் வாரியத்து ஆபீசில், ஏசி அறையில், இளவயது அதிகாரி ஒருவர் அவன் எதிரே சுவர்ப் படங்களின் போட்டோக்களைப் பரப்பினார். பெயரையும் நம்பரையும் எழுதிவைத்துவிட்டுக் குற்றம் செய்தவனை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பேசினார்.

“குடோன் சுவரில் இருப்பது உங்களுடையது. அது தெரிகிறது. மற்றதெல்லாம் வேறு கை. அது யார் கை என்று சொன்னால் நீங்கள் சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். நம் வேலையைப் பார்க்கிற ஆள் நீங்கள். ஏதோ ஆசையில் செய்துவிட்டீர்கள் என்று எழுதிக்கொள்கிறேன்.”

பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லியும் இருப்பான். வாயைத் திறக்கும்போதுதான் அடுத்து நடக்கப்போவது கண்ணில் ஓடியது. இந்த வாயிலிருந்து வெளியே வந்த நிமிஷத்தில் அந்தப் பெயர் கூடலூரிலிருந்து வருசநாடு வரை போய்விடும். ஜோதிலட்சுமியா, நம்ம டெய்லரா என்பார்கள். அவள் முகாமுக்குப் போவாள், ஊர் அவளைச் சாமியாக்கும். அவன் செத்த பிறகும், கோணக்கால் நாயை வரைந்தது ஜோதிலட்சுமி என்றுதான் பேச்சு இருக்கும். பிஸ்கட் டப்பா நாயை வரைந்த ஆள், காட்டிக்கொடுத்த ஆள் என்று அவனுக்கும் ஒரு ஓரத்தில் இடம் கிடைக்கும்.

“எல்லாம் நாந்தான் சார் வரைஞ்சேன்,” என்றான்.

இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த நேரத்தில் அவன் உடம்பில் பொறாமையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அதிகாரி சிரிப்பை நிறுத்தினார். “இது உங்களால் முடியாது,” என்றார். அப்படியே சொன்னார். முகாமைச் சொல்லி மிரட்டியிருந்தால்கூட ஆல்பர்ட் அவ்வளவு துடித்திருக்க மாட்டான். அவர் ஒரு வெள்ளைத் தாள் கட்டையும் மார்க்கரையும் அவன் முன்னால் தள்ளினார். “வரையுங்கள், பார்ப்போம்.”

முதல் தாளில் வந்தது அழகான நாய். இரண்டாவதில் வேண்டுமென்றே காலைக் கோணலாக்கினான். நொண்டி நாய் வந்தது. மூன்றாவது அதைவிட மோசம். அதிகாரி போனை எடுத்தார். “பஜாரில் உங்கள் கடையைச் சுற்றி இருக்கிற எல்லோரையும் அள்ளிக்கொண்டு வரச் சொல்கிறேன். இங்கே வரிசையாக உட்கார வைத்து வரையச் சொன்னால் தெரிந்துவிடும்.”

“இருங்க சார்,” என்றான் ஆல்பர்ட். “இன்னொண்ணு.”

கண்ணை மூடினான். விரித்த துணி வந்தது, அதன் மேல் குனிந்த ஜோதிலட்சுமி வந்தாள். எத்தனை வருஷம் அடுத்த கடையிலிருந்து அந்தக் கையைப் பார்த்திருக்கிறான். குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்தான், ஆனாலும் பார்த்திருக்கிறான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கழுத்திலிருந்து இழுத்தான். முதுகைத் தாண்டி, இடுப்பில் இறக்கி, கையை எடுக்காமல் பின்னங்காலுக்கு வந்தபோது கோடு தானாகவே கோணியது. அவன் கோணவைக்கவில்லை. உடம்பின் பாரமெல்லாம் அந்த ஒரு காலில் வந்து உட்கார்ந்திருந்தது. பாயப்போகிற நாய்க்கு அந்தக் கால் அப்படித்தான் இருக்கும். வேறு மாதிரி இருக்க முடியாது.

இத்தனை நாள் வெள்ளையடித்து வெள்ளையடித்து அழித்ததில் அவன் இதைப் பார்க்கவே இல்லை. அவள் பார்த்திருக்கிறாள். லாரியில் ஏற்ற வந்தபோது ஏதோ ஒரு நாய் அப்படி நின்றிருக்கும். ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கையில் அவள் மட்டும் பார்த்திருக்கிறாள். ஆல்பர்ட்டுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதற்கு என்று கேட்டால் அப்போதும் பொறாமை என்றுதான் சொல்லியிருப்பான்.

வாசலில் காவலுக்கு நின்ற வருசநாட்டுக்காரன் எட்டித் தாளைப் பார்த்துவிட்டு, சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அதிகாரி போனைக் கீழே வைத்தார். தாளைக் கையில் எடுத்து, போட்டோக்கள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் வைத்துப் பார்த்தார். குரல் மாறிவிட்டது.

“இந்த மாதிரிக் கோடு யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?”

அவன் வாழ்நாளில் யாரும் அவனிடம் கேட்காத கேள்வி அது. அதற்கு உண்மையான பதில் ஒன்றுதான், அது ஒரு பெயர்.

“யாருகிட்டயும் கத்துக்கல சார்,” என்றான் ஆல்பர்ட். “என் கைதான் சார்.”

அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டினார்.