குழாய்க்காரர்களும் கம்பத்துக்காரர்களும்

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புத்தி கொஞ்சம் கம்மி, ரோசம் கொஞ்சம் ஜாஸ்தி. இல்லாவிட்டால் கையில் இருந்த ஒயரை அறுத்துப் போட்டுவிட்டு, வராத ஒயருக்காக இரண்டு கட்சி கட்டிக்கொண்டு முகம் திருப்பித் திரிவார்களா?

ஊர் கரட்டுக்குழி. மல்லசமுத்திரத்துக்குக் கிழக்கே, மூன்று பக்கமும் கரடு சூழ்ந்த பள்ளத்தில் கிடக்கிறது. எந்தக் கம்பெனி டவரும் எங்களை எட்டிப் பார்த்ததில்லை. செல்போனில் மணி பார்க்கலாம், டார்ச் அடிக்கலாம், பேச மட்டும் முடியாது. எங்களைப் பேச வைத்தவர் கந்தவேல். டிவிக்குக் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தவர், மல்லசமுத்திரத்திலிருந்து இன்டர்நெட் ஒயரையும் இழுத்து வந்தார். பாதி தூரம் வேப்பமரங்களின் மேலே, பாதி தூரம் ரோட்டோரம் மண்ணுக்குள்ளே. அணில் கடிக்கும், மழைக்கு நிற்கும். ஆனால் சொல்லி அனுப்பினால் ஏணியைத் தூக்கிக்கொண்டு மனுஷன் வந்துவிடுவார். வீட்டுக்கு வீடு வைஃபை, வாட்ஸப்பில் பேச்சு. சிம்முக்கு ரீசார்ஜ் போடுவதையே பாதிப் பேர் விட்டுவிட்டார்கள்.

பிரபாவின் குடித்தனமே அந்த ஒயரில்தான் நடந்தது. அவள் புருஷன் வெங்கடாசலம் ரிக் வண்டிக்காரன். சத்தீஸ்கர் பக்கம் காட்டூர்களில் போர்வெல் போடுகிற வேலை. ஊர்த் திருவிழாவான நோம்பிக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவை வந்தால் உண்டு. பிள்ளை இல்லை. வீட்டில் பிரபாவும் நாலு மேச்சேரி ஆடும்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சிக்னல் கிடைத்தால் வெங்கடாசலம் கூப்பிட்டுவிடுவான். சட்டை எடுப்பதானாலும் சரி, ரிக் மாறுவதானாலும் சரி, "பிரபாவக் கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்பதுதான் அவன் பதில். கூட இருக்கிறவர்கள் கேலி செய்வார்கள். அவனுக்கு அதில் பெருமைதான்.

இப்படி இருக்கையில்தான் எலக்சன் வந்தது.

ஒரு கட்சி, பூமிக்கு அடியில் குழாய் பதித்து வீட்டுக்கு வீடு அதிவேக இன்டர்நெட், அதுவும் இலவசம் என்றது. இன்னொரு கட்சி, குழாயெல்லாம் எலி கடித்துவிடும், நாங்கள் கம்பம் நட்டு மேலே இழுத்துத் தருகிறோம், அதுவும் இலவசம் என்றது. அவ்வளவுதான், ஊர் இரண்டாகப் பிளந்தது. குழாய்க்காரர்களுக்குப் பெரியசாமி தலைவர். கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர், ஊர்க் கோயில் தர்மகர்த்தாவும் அவரே. கம்பத்துக்காரர்களுக்கு மருதாசலம், இரண்டு லாரி ஓடுகிறது, வாய் நாலு லாரி ஓடும். வீட்டுச் சுவரில் எந்தக் கட்சி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்று பார்த்துத்தான் மோர் கடன் கொடுத்தார்கள். ஃபைபர் என்றால் என்னவென்று இரண்டு பக்கமும் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் குழாயில் வருவதா கம்பத்தில் வருவதா என்று கேட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார்கள்.

கந்தவேல் எந்தப் பக்கமும் சேரவில்லை. "வர்றப்ப வரட்டுமுங்க, அதுவரைக்கும் நம்முளுது ஓடட்டும்" என்றார். அதனால் இரண்டு பக்கத்துக்கும் ஆகாதவர் ஆனார். ஓசியில் வரப்போகிறபோது இவருக்கு எதற்கு மாதாமாதம் அழுவது என்று பல வீடுகளில் கனெக்சனை நிறுத்தினார்கள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்று நான்கூடச் சிரித்தேன். பிரபா நிறுத்தவில்லை. அவள் சுவரில் ஸ்டிக்கரும் ஒட்டவிடவில்லை.

மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டியிருந்த சமயம். ஒரு மத்தியானம் வெங்கடாசலம் வீடியோவில் கூப்பிட்டான். முகம் வெளிறிக் கிடந்தது.

"காச்சலாட்ட இருக்குது பிரபா. கேம்ப்புல மாத்தர குடுத்தாங்க. வண்டி இன்னும் காட்டுக்குள்ள போவுதாம். மேனேஜரு, முடியலீன்னா ராய்ப்பூருக்குப் போயி ரயிலேறிக்கோங்கறாரு."

"எப்படி இருக்குதுங்க இப்ப?"

"குளுரு உடமாட்டீங்குது. நாளைக்கும் இப்படியே இருந்துச்சுன்னா என்ன பண்றது? ஏறி வந்தர்லாமா? பாதியில வந்தா ஓனரு என்ன சொல்லுவாரோ."

"நாளைக்குக் கூப்புடுங்க. எப்படி இருக்குதுன்னு பாத்துச் சொல்றேன். மாத்தரயச் சாப்புட்டுட்டுப் படுங்க மொதல்ல."

"செரி. நீ சொல்றபடி பண்ணிக்கலாம்."

மறுநாள் காலை குழாய்க்காரர்கள் ஒரு ஜேசிபியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நோம்பிக்குக் காப்புக் கட்டிவிட்டால் எங்கள் ஊர் எல்லைக்குள் மண்ணைத் தோண்டக் கூடாது. அம்மன் பூமியில் உட்கார்ந்திருப்பாள், கடப்பாரை படக் கூடாது. அன்று சாயங்காலம் காப்பு. அதற்குள் வேலை தொடங்கியதாகக் காட்டிவிட வேண்டும். ஊருக்குள் நுழைகிற ரோட்டைக் குறுக்கே வெட்டி, ஓரமாகவும் கொஞ்ச தூரம் பள்ளம் எடுத்து, நாலு துண்டுக் குழாயைப் போட்டுப் போட்டோ பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கந்தவேலின் ஒயர் ஜேசிபி வாளியின் பல்லில் மாட்டி, வேர் பிடுங்குகிற மாதிரி நெடுகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. அதையும் யாரோ போட்டோ பிடித்தார்கள்.

கம்பத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மத்தியானமே லாரியில் கம்பங்களைக் கொண்டுவந்து கோயில் மைதானத்தில் இறக்கி, ரோட்டோரம் ஒரே ஒரு கம்பத்தை மட்டும் நட்டு, மாலை போட்டுப் போட்டோ பிடித்தார்கள். மற்றவை படுத்துக் கிடந்தன. இன்றைக்கும் கிடக்கின்றன.

அன்று சாயங்காலம் பிரபா கையில் காப்புக் கட்டிக்கொண்டாள். வருஷா வருஷம் புருஷன் பேரைச் சொல்லித் தீர்த்தக்குடம் எடுக்கிறவள். இந்த வருஷம் அவனுக்குக் காய்ச்சல் வேறு, விடுவாளா? காப்புக் கட்டினவர்கள் மஞ்சள் நீராட்டு முடிகிறவரை எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. தாண்டினால் யார் பேரில் நேர்ந்தார்களோ அவர்களுக்கு ஆகாது.

மறுநாள் கந்தவேல் புது ஒயர் சுருளோடு வந்தார். பள்ளத்தில் இறங்கப்போனவரைக் குழாய்க்காரர்கள் தடுத்தார்கள். எங்கள் பள்ளத்தில் எங்கள் கேபிள்தான் வரும் என்றார்கள். வேறு இடத்தில் புதைக்கலாம் என்றால் காப்புக் கட்டியாகிவிட்டது. அந்தக் கம்பத்தில் ஏற்றிக்கொள்ளட்டுமா என்று மருதாசலத்தைக் கேட்டார். தனியார் ஒயரை ஏற்றினால் கட்சி மானம் போய்விடும் என்றார் மருதாசலம். கடைசியில் கந்தவேல் ஒயரைத் தரையிலேயே இழுத்துவிட்டுப் போனார். மறுமுனையில் போய்க் கனெக்சன் கொடுப்பதற்குள்ளேயே யாரோ அதை அரிவாளால் வெட்டியிருந்தார்கள். குழாய்க்காரர்கள் கம்பத்துக்காரர்களைச் சொன்னார்கள். அவர்கள் இவர்களைச் சொன்னார்கள்.

பிரபா நேரே கோயில் மைதானத்துக்கே போனாள். அங்கே பெரியசாமி ஒரு பக்கமும் மருதாசலம் ஒரு பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சாமி காரியத்துக்கு மட்டும் ஒரே இடத்தில் உட்காருவார்கள். மூஞ்சி பார்த்துப் பேச மாட்டார்கள்.

"ஏனுங் மாமா, எங்கூட்டுக்காரருக்குக் காச்சலுங்க. என்னக் கேட்டுட்டு வாரேன்னு சொல்லியிருக்கறாரு. அந்த ஒயர மட்டும் கட்ட உட்டீங்கன்னாப் போதுமுங்க."

"அம்மன் உக்காந்திருக்கறா சாமி. இப்பப் போயி மண்ணத் தொடலாமா? நோம்பி முடியட்டும், எங்க கேபிளே வந்துரும்" என்றார் பெரியசாமி.

"மருதாசலண்ணா, கம்பத்துலயாவது கட்டிக்கட்டுமுங்களா?"

"இன்னைக்கு உனக்கு உட்டா நாளைக்கு ஊரே கேக்கும் பிரபா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"காச்சலு பொறுக்குமாங்கண்ணா?" என்றாள். பின்னால் யாரோ, புருஷனோடு நாலு நாள் பேசாவிட்டால் குடியா முழுகிப் போய்விடும் என்று சொல்ல, இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது.

கந்தவேலுக்குத்தான் மனசு கேட்கவில்லை. பைக்கை அவள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"வா பிரபா, மல்லசமுத்திரம் போயி என்னோட போன்ல பேசீட்டு வந்தர்லாம்."

பிரபா உள்ளேயிருந்து செருப்பை மாட்டிக்கொண்டே வந்தாள். வாசற்படியில் கைக் காப்பைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"இதோட எல்லை தாண்டுனா அவருக்குத்தானுங்ணா ஆகாது. நீங்களே போயிக் கூப்புட்டுப் பாருங்க. நாஞ் சொன்னேன்னு சொல்லுங்க. ரயிலேறி வரச் சொல்லுங்க."

கந்தவேல் போனார். அன்று மட்டுமல்ல, தினமும் போனார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றே ஒரு பெண்குரல் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தது. ரிக் காட்டுக்குள் இருந்தால் அப்படித்தான், இது புதிதில்லை என்று பிரபாவே அவருக்குச் சமாதானம் சொன்னாள். சொல்லிவிட்டுத் தீர்த்தக்குடத்துக்குச் சொம்பு தேய்த்தாள். எப்போது ஒயர் வந்தாலும் அவன் கூப்பிடுவான் என்று, செல்போனை மட்டும் யாரிடமும் கொடுத்தனுப்பாமல் சார்ஜில் போட்டபடியே வைத்திருந்தாள்.

மாவிளக்கு அன்று காலையில், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆம்புலன்ஸ் வந்து நின்றது. சத்தீஸ்கர் நம்பர். ரிக் ஓனர் வீட்டு ஆள் ஒருத்தர் இறங்கி, பள்ளத்தின் மேல் போட்டிருந்த பலகையில் நடந்து வந்து, வெங்கடாசலம் வீடு எது என்று கேட்டார். நேற்றிலிருந்து ஊரில் யாருக்குப் போன் போட்டாலும் கிடைக்கவில்லை என்றார். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார்.

அப்புறம் நடந்ததுதான் எங்கள் ஊரின் லட்சணம். காப்புக் கட்டியிருக்கையில் எல்லைக்குள் பிணம் கிடந்தால் மாவிளக்கு எடுக்க முடியாது, அம்மனுக்கு நடை சாத்த வேண்டும். சுடுகாடு ஊருக்குக் கிழக்கே, எல்லைக்கல்லுக்கு வெளியே. ஊரைத் தாண்டித்தான் வண்டி போயாக வேண்டும், போகப் பள்ளம் மூட வேண்டும். பெரியசாமி எழுந்து, "மம்முட்டியக் கொண்டாங்கடா" என்றார். மருதாசலமும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினார். குழாய்க்காரனும் கம்பத்துக்காரனும் தோளோடு தோள் நின்று மண்ணை வாரித் தள்ளினார்கள். ஒரு பொம்பளை பேசுவதற்காகத் தொடக் கூடாத மண், அவள் புருஷனைச் சீக்கிரம் எரிப்பதற்காகத் தொடலாம். அம்மனுக்கு அன்றைக்கு மட்டும் வலிக்கவில்லையாக்கும். இதைச் சொன்னதற்கு என்னைச் சாமி குற்றம் என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

பிரபா அழவில்லை. மூடின பள்ளத்தின் மேல், வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். கையில் செல்போன்.

"பிரபா, நவுரு சாமி. நேரமாவுது" என்றார் பெரியசாமி.

"ஒயரக் கட்டுங்க."

"என்ன?"

"நாளைக்குக் கூப்புடறேன்னு சொன்னவரு கூப்புட்டிருப்பாரு. என்ன சொன்னாருன்னு கேக்கோணும். கேட்டுட்டுத்தான் அவர எடுக்கோணும். அதுவரைக்கும் இந்த வண்டி நவுராது. மேல ஏத்தீட்டுப் போறதுன்னாப் போங்க."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாவிளக்குத் தட்டோடு பெண்கள் வாசலில் காத்திருந்தார்கள். மருதாசலம் தலையைச் சொறிந்துவிட்டு, "கட்டித் தொலையுங்க" என்றார். கந்தவேல் ஏணியை அந்தக் கம்பத்திலேயே சாத்தி ஏறினார். கண்ணைத் துடைத்துத் துடைத்து ஒயரை இழுத்துக் கொண்டுபோய் அவள் வீட்டில் சேர்த்தார். அவள் வீடு ரோட்டோரம் முதல் வீடு. வைஃபை அவள் நின்ற இடம்வரை எட்டும்.

செல்போன் நடுங்கியது. வாட்ஸப்பில் அவன் பேசி அனுப்பியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. பிரபா முதலாவதைத் தொட்டாள். வெங்கடாசலத்தின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"பிரபா, போன் போவலை. காச்சலு உடமாட்டீங்குது. மேனேஜரு இன்னைக்கு ரயிலேறுன்னு சொல்றாரு. ஏறட்டுமா?"

அடுத்தது. "ஒயரு அந்துபோச்சாட்ட இருக்குது. அந்தக் கந்தவேலண்ணங்கிட்டச் சொல்லி வெய்யி. ரயிலுக்கு நாளைக்கும் டிக்கெட்டு இருக்குதாம். நீ சொன்னீன்னாப் போறேன்."

அதற்கடுத்ததில் பல் கிட்டுகிற சத்தம்தான் அதிகம். "வண்டி காட்டுக்குள்ள பொறப்படுது. ரயிலுக்குப் போலாமா, இவங்ககூடவே போயரட்டுமா? சொல்லு சாமி."

கடைசியில் ஒன்று இருந்தது. குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "காப்புக் கட்டியிருப்பே நீ. எனக்குப் போன் பண்றேன்னு எல்லை கில்லை தாண்டீராத. நான் பொறுத்துக்கறேன். நோம்பி முடிஞ்சு சொல்லு."

பெரியசாமி மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கந்தவேல் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிரபா செல்போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், அழுத்திப் பிடித்து, "ரயிலேறி வந்துருங்க" என்றாள். விரலை எடுத்தாள். ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது விழுகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஓரமாக நகர்ந்தாள்.

புது மண்ணில் பின்சக்கரம் புதைந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து தள்ளினார்கள். வண்டி அவள் வீட்டு வாசலில் நிற்கவில்லை, கோயிலைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போனது. பிரபா பின்னாலேயே நடந்தாள். எங்கள் ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. எல்லைக்கல் வந்தது. காப்புக் கட்டின கையோடு அதைத் தாண்டிப் போனாள்.