ரோசம்மாள் வளர்த்த கூன்வண்டுகள்

1984 ஐப்பசியில் சோழபுரம் கண்மாயிலிருந்த ஆகாயத்தாமரை கரையேறி, தண்ணீரில்லாத தெரு வழியே வந்து, ரோசம்மாள் வீட்டை மட்டும் சுற்றிக்கொண்டது. அந்த வாரம் ராஜபாளையத்தில் கத்தரிக்காய் மலிவு. அவள் புருஷன் இருதயம் நூல் மில்லில் ஷிப்டு முடித்து சைக்கிளில் திரும்பியபோது, வாசலை மறைத்து இடுப்பளவுக்குப் பச்சை நின்றது. உள்ளேயிருந்து அவளால் கதவைத் திறக்க முடியவில்லை.

செடியை ஊருக்குக் கொண்டுவந்தவனே அவன்தான். கல்யாணமான புதிதில் மதுரைக்குப் போனவன், ஊதாப் பூவோடு வைகையில் மிதந்த ஒன்றை, அவளுக்குப் பிடிக்குமென்று தூக்குச்சட்டியில் போட்டு பஸ்ஸில் எடுத்துவந்தான். அவள் தினமும் தண்ணீர் மாற்றினாள். சட்டி கொள்ளாமல் போனதும், பாவம் வாடுமே என்று கண்மாயில் விட்டாள். அது மடையை அடைத்தது, மீன்களை மூச்சுமுட்ட வைத்தது. பிறகு, வளர்த்த கையைத் தேடி வந்துவிட்டது.

அரிவாளோடு இறங்கியவர்களை அது முழங்காலைக் கட்டித் தூக்கி, நோகாமல் தெருவில் வைத்தது. வெட்டிய இடம் கோயில் மணி அடிக்குமுன் மூடிக்கொண்டது. மருந்து அடித்தார்கள்; கூடுதலாகப் பூத்தது. இருதயம் சோறு கொண்டுவந்தால் மட்டும், இலைகள் தூக்குச்சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றிச் சன்னலில் சேர்த்தன. ஆளை உள்ளே விடவில்லை. அவன் சாவடியில் படுத்து, சமைத்து, மில்லுக்குப் போய்வந்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் தெருவில் நின்று பிரசங்கத்தைச் சொல்வான். அவள் கம்பியைப் பிடித்தபடி கேட்பாள். அவள் தலையில் முதல் நரை விழுந்ததையும் அங்கே நின்றுதான் பார்த்தான்.

“நீங்க வேற ஒருத்தியப் பாத்துக்கிடுங்க” என்றாள் ஒருநாள்.

“கிறுக்கச்சி மாதிரி பேசாத ஏட்டி. என் சமையல நானே திங்கிற தண்டன பத்தாதா?”

“அது உள்ளதுதான். உங்க கொழம்ப இந்தச் செடியே மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுத்தான் வாங்குது.”

சிரித்துவிட்டு இரண்டு பேரும் அழுதார்கள்.

1987இல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து விவசாய அதிகாரி சேக் முகைதீன், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் கூன்வண்டுகளோடு வந்தார். செடி பிறந்த தேசத்தில் அதைத் தின்பதற்கென்றே பிறந்தவை, வேறெதையும் வாயில் வைக்காது, மெதுவாகத்தான் தின்னும், மருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கண்மாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருந்த பெத்தம்மாள் நம்பவில்லை. “தாமரையத் தின்னு தீத்துட்டுப் பட்டினியாவா கெடக்கும்? பொறவு என் நெல்லுலதான வந்து விழும்?” அந்த ஊரில் பூச்சியைக் கண்டதும் கை தானாக மருந்துப் பம்புக்குப் போகும். அவள் கையும் போனது. பொழுது சாயுமுன் வண்டுகள் இலைகளின் மேல் மல்லாந்து கிடந்தன.

தப்பிய ஒருசில சன்னலேறி ரோசம்மாளிடம் வந்தன. அவள் அவற்றைத் தண்ணீர் தொட்டுக் கழுவி, ஒரு மூடியில் இலை கிள்ளிப் போட்டாள். தஞ்சமென்று வந்ததை நசுக்க அவளுக்குத் தெரியாது. வண்டுகள் பெருகின.

சேதி கேட்டுப் பெத்தம்மாள் தெருவில் வந்து நின்றாள். “ஏட்டி, என் வெள்ளாமைக்கு எமன வளக்கியாமே?”

“கோவிச்சுக்காதீய அக்கா. உங்க நெல்லுல ஒரு கதிர அனுப்புங்க. பொறவு என்னைய வையுங்க.”

கதிரை இலைகள் கொண்டுபோயின. ரோசம்மாள் வண்டுகளைப் பட்டினி போட்டு, அதை நடுவில் வைத்தாள். வண்டுகள் கதிர்மேல் ஏறி இறங்கி, சன்னலுக்கு வெளியே தாமரையைத் தேடிப் போயின. திரும்பி வந்த கதிரில் ஒரு மணி குறையவில்லை. பெத்தம்மாள் அதை மடியில் கட்டிக்கொண்டு போனாள். மறுநாள் பம்பைக் கழுவிப் பரணில் போட்டுவிட்டு, இருதயத்தின் தூக்குச்சட்டியில் மீன்குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். அன்றைக்கு இலைகள் சட்டியைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்தன.

வண்டுகள் தின்றன. மழை பொய்த்தது, பெய்தது, மில்லில் இரண்டு மானேஜர்கள் மாறினார்கள். 1991 பங்குனியில் கதவு ஒருக்களித்துத் திறந்தது. இருதயம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். சாயங்காலம் வரை யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

கடைசிச் செடியைப் பிடுங்கப் போனவனை ரோசம்மாள் தடுத்தாள். “வண்டுக பட்டினியால்ல கெடக்கும்?” என்று அதை வாசல் தொட்டியில் விட்டாள். வண்டுகள் அதில் குடியிருந்தன. செடி தொட்டியைத் தாண்டவில்லை.

அதன்பிறகு இருதயம் ஷிப்டு முடிந்து வந்ததும் தூக்குச்சட்டியைத் தொட்டியிடம் நீட்டிவிட்டுக் கால் கழுவப் போவான். ரோசம்மாள் வந்து வாங்கும்வரை இலைகள் அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். தெருவில் யாரும் நின்று பார்ப்பதில்லை.