தண்ணீர் விடக்கூடாத பாத்தி

கூமாப்பட்டியில் ஜெயபாண்டியின் தோட்டத்தில் இந்தக் கோடையில் ஒரே பயிர் இரண்டு பெரிய பாத்திகளில் நின்றது. ஒன்றுக்குத் தண்ணீர் உண்டு. மற்றதற்குப் பூவெடுத்த பிறகு ஒரு சொட்டும் கிடையாது. அந்தக் காய்ச்சல் பாத்திக்குள் தண்ணீர் போகாமல் காவல் காப்பது ஜெயபாண்டியின் வேலை. பட்டாளத்தில் இருந்து பனிமலையில் எல்லையைக் காத்த மனிதருக்கு இது ஒரு பொருட்டா என்று அவருடைய மகள் மாரிச்செல்வி நினைத்திருந்தாள்.

பயிர் சோயா. ஊருக்கு அது மீல்மேக்கர் செடி. மீல்மேக்கர் செடியில் காய்க்கிற சாமான் என்பதையே பலர் இப்போதுதான் கேள்விப்பட்டார்கள், காயைப் பிதுக்கிப் பார்த்து ஏமாந்தும் போனார்கள். வேளாண்மைக் கல்லூரியில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் மாரிச்செல்வி, அரிசிமணி அளவுப் பூக்களை இடுக்கியால் பிரித்து, ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றில் தடவி, வருஷக்கணக்கில் உண்டாக்கிய வகைகள் அவை. வரிசைக்கு ஒரு வகை. தண்ணீர் குடித்த வரிசையையும் குடிக்காத வரிசையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வறட்சியைத் தாங்கும் வகை எது என்று தெரியும். தாங்குவது விதையாகும். மற்றதெல்லாம் மாட்டுக்கு.

கல்லூரியின் சோதனை வயலில் இந்த வருஷம் ஒரு கலையரங்கம் முளைத்துவிட்டது. தண்ணீர் இல்லாமலே அது நன்றாக வளர்ந்தது. அதனால்தான் அப்பாவின் தோட்டம். இதுதான் கடைசிப் பருவம். இது தவறினால் அவளுக்குப் பட்டமும் இல்லை, அத்தனை வருஷப் பூக்களுக்கு அர்த்தமும் இல்லை.

டீக்கடையில் மருமகன் முறையாகிற பாண்டிச்செல்வம் சும்மா இருக்கவில்லை. ராஜபாளையத்தில் நாய்க்குட்டி வாங்கப் போனால் தாத்தன் பூட்டன் வரை விசாரிக்கிற ஆள். செடிக்கு அப்பன் ஆத்தா பார்ப்பதை மட்டும் அவனால் நம்ப முடியவில்லை.

"ஏன் மாமா, தண்ணி விடாமப் பயிரைக் காயப்போட காலேஜ் படிப்பு எதுக்கு? அத நாங்க படிக்காமலே வருசா வருசம் செய்றோம்ல."

ஜெயபாண்டியும் சிரித்தார். அந்தச் சிரிப்பு தோட்டம் வரை கூட வரவில்லை.

மதுரைக்குப் பஸ் ஏறும்போது மாரிச்செல்வி சொல்லிவிட்டுத்தான் போனாள். "வாடும்ப்பா. பாக்கப் பாவமா இருக்கும். எம்புட்டு வாடுனாலும் தண்ணி மட்டும் குடுத்துராதீங்க."

அவர் தலையாட்டினார். இதே பேச்சுக்கு அவர் முன்பும் ஒரு தடவை தலையாட்டியிருக்கிறார்.

போன கோடையில் அவருடைய மனைவி வெள்ளத்தாய்க்கு மதுரையில் குடல் ஆபரேஷன். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொன்னதை மாரிச்செல்விதான் அப்பாவிடம் அழுத்திச் சொல்லிவிட்டு மருந்து வாங்கக் கீழே போனாள். அந்த நேரத்தில் வெள்ளத்தாய் தண்ணீர் கேட்டாள். முதலில் அதட்டலாக, பிறகு கெஞ்சலாக, கடைசியில் உதட்டை மட்டும் அசைத்து. ஜெயபாண்டி உத்தரவை மீறி அறியாதவர். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினார். அதற்கு அனுமதி இருந்தது. மறுநாள் விடியுமுன் அவள் போய்விட்டாள். சாகிற வாயில் பால் ஊற்றுவது ஊர் வழக்கம். அதற்கும் அனுமதி இல்லை. வாய்க்கரிசி போடும்போது அந்த வெடித்த உதட்டைப் பார்த்தவர், பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது காய்ச்சல் பாத்தியில் இலைகள் புரண்டு வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டின. ஜெயபாண்டி நாற்காலியை எதிர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். எதிரி இருக்கும் பக்கம் முதுகைக் காட்டி அவர் காவல் இருந்தது அதுவே முதல் தடவை. பக்கத்துப் பாத்திக்குத் தண்ணீர் பாயும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருநாள் காலையில் கரண்டு வந்து மோட்டார் ஓடத் தொடங்கியதும், மம்பட்டியை எடுத்து மடையைத் திறந்துவிட்டார். ஒரு மூலையில் மட்டும் விட்டிருந்தாலும் சோதனையில் மிச்சம் பிழைத்திருக்கும். ஒரு வரிசை தவறாமல், ராணுவ ஒழுங்கோடு, பாத்தி முழுக்க நிறையக் குடிக்க விட்டார்.

சனிக்கிழமை மாரிச்செல்வி வந்து நின்றபோது இரண்டு பாத்தியும் ஒரே பச்சையாக இருந்தன. ஈரமண்ணைக் காலால் அழுத்திப் பார்த்தாள். யார் விட்டது என்று கேட்டாள்.

"நான்தான் தாயி."

மாடு புகுந்து மேய்ந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றாள். வேறு யாராவது ஆகாதவர்கள் செய்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன் என்றாள். பிறகு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அவர் மம்பட்டிக் காம்பைப் பிடித்தபடி நின்றார்.

"உங்கம்மா வாய்விட்டுக் கேட்டா. குடுக்கல. இதுக கேக்கக்கூட இல்ல. என்னால முடியல தாயி."

மாரிச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா கேட்டாங்களா?"

"நீ மருந்து வாங்கப் போயிருந்த. ரொம்பக் கேட்டா."

அவள் தன் செருப்பில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுக்கக்கூடாது என்று சொன்ன வாய் தன்னுடையது என்பது நினைவுக்கு வந்திருக்கும். இரண்டு தடவையும் அதே வாய்.

ஜெயபாண்டி ஒரு வருஷமாகக் கேட்க ஆளில்லாமல் வைத்திருந்ததைக் கேட்டார். "குடுத்திருந்தா பொழைச்சிருப்பாளா?"

படித்த பிள்ளை யோசித்துப் பார்த்தாள்.

"தெரியாதுப்பா."

அவருக்கு அது புரிந்தது. இரண்டு பாத்திக் கணக்கை அவள்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அதைத் தெரிந்துகொள்ள, பக்கத்துக் கட்டிலில் தண்ணீர் குடித்த இன்னொரு வெள்ளத்தாய் படுத்திருந்திருக்க வேண்டும்.

கரண்டு வந்தது. மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது. அவர் திறந்த மடை இன்னும் அடைக்கப்படாமல் கிடந்ததால், தண்ணீர் விடக்கூடாத பாத்திக்குள் தண்ணீர் மறுபடியும் ஏறியது. அதைப் போய் அடைக்க இருவரும் எழுந்திருக்கவில்லை.